கரி எடுப்பது வாடையை மட்டும்தான்

"கரியில விட்டு வடிச்சுட்டா விஷம் போயிடும்." வீட்டில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் பல நாடுகளில் நம்பிக்கொண்டிருக்கும் வாக்கு இது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்கள் குழாயில் கரியை நிரப்பி வடிக்கிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு வெட்டிக் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டிலும் கொஞ்சம் பஞ்சும் போதுமாம்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. எனக்குப் பயமே அந்தப் பாதியால்தான். கரி திரவங்களின் நிறத்தை எடுத்துவிடும் என்று 1785இல் ரஷ்யாவில் தியோடர் லோவிட்ஸ் கண்டார். அதன்பின் வோட்காவைக் கரியில் வடிக்கும் வழக்கம் பரவியது. டென்னஸியின் ஜாக் டேனியல் விஸ்கி இன்றும் மேப்பிள் மரக்கரி வழியாகத்தான் சொட்டுகிறது. ஆனால் அங்கெல்லாம் கரியின் வேலை சுவையைத் திருத்துவது. நஞ்சை எடுக்கும் பொறுப்பை யாரும் அதனிடம் விடவில்லை.

ஏன் விட முடியாது? நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்யப்படும் கிளர்வூட்டிய கரியில், ஒரு கிராமுக்குள்ளேயே ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு நுண்துளைப் பரப்பு இருக்கும். தண்ணீரோடு அதிகம் சேராத பெரிய மூலக்கூறுகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மட்டச் சாராயத்தின் கெட்ட வாடைக்குக் காரணமான ஃபியூசல் எண்ணெய் அந்த ரகம். சாராயத்தில் நஞ்சாக இருக்கும் மெத்தனாலோ ஆல்கஹால்களிலேயே மிகச் சிறியது, தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடுவது. போதாக்குறைக்குச் சுற்றிலும் போதை தரும் ஆல்கஹாலான எத்தனால் நிறைந்திருக்கிறது. கரியில் கிடைக்கும் இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். மெத்தனால் கரியைத் தாண்டி அப்படியே கீழே இறங்கிவிடும்.

"வாடையே இல்லையே, சுத்தம்தானே?" என்பது அடுத்த வாதம். மெத்தனாலை மூக்கால் எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது, நாக்காலும் முடியாது. குடிப்பவனைத் தயங்க வைக்கக்கூடிய கெட்ட வாடையைக் கரி எடுத்துவிடுகிறது, கொல்வதை விட்டுவிடுகிறது.

"முதலில் இறங்குவதைக் கொட்டிவிட்டோம், மீதியைக் கரி பார்த்துக்கொள்ளும்" என்பவர்களும் உண்டு. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.4இல் கொதிக்கும் என்பது தனித்தனியாக வைத்தால் சரி. ஊறலில் இரண்டும் தண்ணீரோடு கலந்திருப்பதால் மெத்தனால் முன்னால் மட்டும் வந்து ஒதுங்காது, கடைசிவரை கூடவே இறங்கும். சர்க்கரை ஊறலில் அது மிகச் சொற்பம், பெக்டின் உள்ள பழ ஊறலில் சற்றுக் கூடுதல். கூட்டம் கூட்டமாக உயிரைப் பறிப்பது சாராயத்தில் கலக்கப்படும் ஆலை மெத்தனால். 2001இல் எஸ்டோனியாவின் பார்னுவில் 68 பேரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது அதுதான். அப்படிக் கலந்த சரக்கை எத்தனை முறை கரியில் வடித்தாலும் பயனில்லை.

உபகரணமும் நஞ்சாகலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பழைய கார் ரேடியேட்டரை ஆவி குளிர்விக்க வைத்துக் காய்ச்சியதைக் குடித்தவர்களுக்கு, அதன் பற்றவைப்பிலிருந்த ஈயம் உடலில் ஏறியது. வடிக்க எடுக்கும் கரியும் அப்படித்தான்: அடுப்புக்கரிக் கட்டிகளில் பசை கலந்திருக்கும். சாராயம் ஊறிய கரியைச் சுட்டுத் திரும்பப் பயன்படுத்தப் பார்ப்பது ஆவியில் நெருப்பு வைப்பதுதான்.

மெத்தனால் குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்து, உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகு, கண்முன் வெள்ளைப் பனி படர்ந்ததுபோல் பார்வை மங்கும். அதற்காகக் காத்திருக்காமல் சந்தேகம் வந்ததுமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே ஃபோமெபிசோல் தருவார்கள், அது இல்லாத இடத்தில் அளந்து எத்தனால் தருவார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். வேறு எத்தனையோ நஞ்சுகளுக்குக் கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் அதே மருத்துவர்கள், மெத்தனாலுக்கு அதைக் கொடுப்பதில்லை. கரியில் மெத்தனால் ஒட்டாது என்று அவர்களுக்குத் தெரியும்.