முதுமுனைவர் ஆய்வாளருக்கு ஐந்தாண்டுப் பணி வேண்டும்

இந்தியாவிலேயே சிப் தயாரிப்பதற்காக 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தைவானின் பி.எஸ்.எம்.சி. நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு குஜராத்தின் தொலேராவில் டாடா குழுமம் எழுப்பும் ஆலையின் முதலீடு 91,000 கோடி. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால், நாளைய சிப் எந்தப் பொருளால் ஆனதாக, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்லும், முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் இன்னமும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில்தான் காலம் தள்ளுகிறார்கள். இது மாற வேண்டும்.

சிலிக்கான் படிகத்தில் ஓர் அலகின் நீளம் சுமார் 0.54 நானோமீட்டர். ஐந்து நானோமீட்டர் அகலப் பட்டையில் ஒன்பது அலகுகள்தான் அடங்கும். இவ்வளவு சிறிய இடத்தில் எலெக்ட்ரான் வாய்க்கால் நீரைப்போல ஓடுவதில்லை. தடுப்புச் சுவரையும் ஊடுருவிச் சென்றுவிடும். டிரான்சிஸ்டரை ‘அணைத்த’ பிறகும் மின்னோட்டம் கசியும். எவ்வளவு கசியும், எங்கே சூடேறும் என்பதை அணு அணுவாகக் குவாண்டம் விதிப்படி கணக்கிட வேண்டும். வால்டர் கோன் 1964-65இல் தன் சகாக்களோடு வகுத்த அடர்த்திச் சார்பியக் கோட்பாடு இதற்கு அடித்தளம். அவருக்கு 1998இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நுண்சாதனங்களில் மின்னோட்டத்தைக் கணக்கிடும் முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் சுப்ரியோ தத்தா. அவர் படித்தது கரக்பூர் ஐஐடியில். பேராசிரியராகப் புகழ்பெற்றது அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில்.

இத்தகைய கணக்கீட்டு நிரல்கள் ஈராண்டில் விளையும் பயிர் அல்ல. ‘ஓமென்’ நிரலை எடுத்துக்கொள்ளலாம். அதை உருவாக்கிய மத்தியூ லூயிசியே சூரிச்சின் இ.டி.எச். கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்று, 2008இல் பர்டூ சென்றார். 2011இல் பேராசிரியராக சூரிச் திரும்பினார். அந்த நிரலைச் செப்பனிட்டு, சுமார் 10,000 அணுக்கள் கொண்ட டிரான்சிஸ்டரில் மின்னோட்டமும் வெப்பமும் சேர்ந்து நிகழ்வதைக் கணக்கிட்ட இ.டி.எச். குழுவுக்கு 2019இல் மீக்கணினிப் பயன்பாட்டுக்கான கார்டன் பெல் பரிசு கிடைத்தது. ஒரே நிரல், பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. இடையில் அவரை வேறு வேலை தேடிப்போகச் சொல்லியிருந்தால்?

இந்தியாவில் அதைத்தான் சொல்கிறோம். தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. முனைவர் பட்டம் பெற்ற ஆராய்ச்சி இணையருக்கான தொடக்க உதவித்தொகை 2019இல் மாதம் 47,000 ரூபாய். அடுத்த உயர்வு 2023இல்தான், 58,000 ஆக. அதுவும் மாதாமாதம் கைக்கு வருவதில்லை என்று ஆய்வாளர்கள் பலமுறை வீதியில் நின்று முறையிட்டிருக்கிறார்கள். முதல் ஆண்டு நிரலைப் புரிந்துகொள்ளவே சரியாக இருக்கும். இரண்டாம் ஆண்டு அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதில் கழியும். ஆய்வாளர் வெளியேறும்போது அந்த நிரலைப் பற்றிய அறிவும் அவரோடு போய்விடுகிறது.

கணினிக்குக் குறையில்லை. திருச்சி என்ஐடியில் 2022இல் நிறுவப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினி நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது. அதில் நீண்டகால ஆய்வைத் தொடர்ந்து ஓட்ட ஆள் வேண்டாமா?

தொலேராவில் தயாராகப்போவது 28 நானோமீட்டர், அதைவிடப் பெரிய ரகச் சிப்புகள்தானே, அணுக் கணக்கு இப்போது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விலைக்கு வாங்கிய தொழில்நுட்பத்தோடு நின்றுவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் விலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூன்று அணு அடுக்கே தடிமன் கொண்ட மாலிப்டினம் டைசல்பைடு போன்ற பொருள்களில் பந்தயம் இன்னும் முடியவில்லை. அதில் நுழைய உற்பத்தி ஆலை தேவையில்லை. கணினியும் தேர்ந்த மனிதர்களும் போதும்.

மாதம் ஒரு லட்சம் ரூபாய் வீதம் 100 முதுமுனைவர் ஆய்வாளர்களுக்கு ஐந்தாண்டுப் பணி கொடுத்தால் மொத்தச் செலவு 60 கோடி. சிப் திட்டத்தின் 76,000 கோடியில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இந்தத் தொகையை மத்திய அரசு ஒதுக்க வேண்டும். அது ஒவ்வொரு மாதமும் தவறாமல் ஆய்வாளரின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.