எண்ணெய் தடவிக் காத்திருந்தோம்

கிணற்றடியில் ஐயாவின் கையிலிருந்து வாளி நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறியது. வாதம் என்று எண்ணெய் தடவி, பொழுதுபடும்வரை காத்திருந்தோம். நெல்லில் எரிபந்தம் கண்டால் அன்றே கமநல நிலையத்துக்கு ஓடுகிறவர்கள் நாங்கள்! இன்று அவருக்கு வலக்கை வழங்காது.

பாரிசவாதத்தில் மூளையின் இரத்தக்குழாய் அடைபடும், அல்லது வெடிக்கும். அடைப்புத்தான் என்று ஸ்கானில் தெரிந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எனவே முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல், இவற்றில் ஒன்று திடீரெனக் கண்டாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தொடங்கிய நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். வாயில் தண்ணீரோ குளிசையோ கொடுக்க வேண்டாம், புரையேறும்.

இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் ஐயா பிறசர்க் குளிசையை விட்டவர், பிறகு தொடவேயில்லை. காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிக் காத்த நாங்கள் கிளினிக் கொப்பியைத் தேடவில்லை. இப்போது மாதந்தோறும் அவரோடு கிளினிக்குக்குப் போகிறோம். அம்மாவின் பிறசரையும் பார்க்கிறோம்.