கோடு கிழித்தவர்களும் மடி இழுப்பவர்களும்

பாக்கு நீரிணை என்றதும், வெற்றிலையோடு மெல்லும் பாக்கின் பெயரால் அக்கடல் வழங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார் நம்மில் பலர். அது கமுகம்பாக்கு அன்று. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநனாக இருந்த இராபர்ட்டு பாக்கு என்னும் வெள்ளையனின் பெயர்! திருமறைக்காட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தமிழனின் தோணி தலைமுறை தலைமுறையாக ஓடிய கடல், நான்காண்டு ஆண்டுவிட்டுப் போன ஆங்கிலேயன் ஒருவனின் பெயரைச் சுமந்து நிற்கிறது. கடலின் பெயரையே பறிகொடுத்த இனம் அதன் மீதுள்ள உரிமையையும் பறிகொடுத்ததில் வியப்பென்ன?

அக்கடலின் மொழி எதுவாக இருந்தது என்று கேட்போர்க்குக் கல்லே விடை சொல்லும். 12-ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் ஓர் ஆணையைக் கல்லில் பொறித்தான். ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர்க்குக் காப்பளிக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் இருவர்க்கும் செம்பாதி என்பது அவ்வாணை. சிங்கள அரசன் இட்ட அக்கடல் வணிகச் சட்டம் எந்த மொழியில் இருக்கிறது? தமிழில்! சுமத்திராத் தீவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் நாட்டிய கல்லும் தமிழ்க்கல்லே. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஃகே இலங்கைக்குக் கொணர்ந்த 1409-ஆம் ஆண்டுக் கல், 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதில் உள்ள மொழிகள் மூன்று: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பேரரசனுக்கும் தெரிந்திருந்தது, இக்கடலில் பேச வேண்டுமானால் தமிழில் பேச வேண்டும் என்று!

தில்லிக்கும் கொழும்புக்குமோ அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. 1974 சூன் திங்களில் இந்திரா காந்தி அம்மையாரும் சிரிமாவோ பண்டாரநாயகா அம்மையாரும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு கிழிக்கப்பட்டது. கச்சத்தீவு கோட்டுக்கு அப்பால் போயிற்று. நம் மீனவரும் வழிபடச் செல்வோரும் முன்போலவே அத்தீவுக்குச் சென்றுவரலாம், கடவுச்சீட்டும் நுழைவிசைவும் வேண்டா என்றது அதன் 5-ஆம் பிரிவு. இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டுக் கடலில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்றது 6-ஆம் பிரிவு.

இந்த ஆறுதலும் ஈராண்டு நிலைக்கவில்லை. 1976 மார்ச்சு 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்த இரண்டாம் உடன்படிக்கை வந்தது. அதையொட்டி இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட மடல்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கலாகாது என்றன. அந்த நாளை எண்ணிப் பாருங்கள்! நாடெங்கும் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டு அமைச்சரவை அவ்வாண்டு சனவரி 31-இல் கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மீனவனுக்காக வாய்திறக்கச் சட்டமன்றமே இல்லாத நாளில், அவன் கடலைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டது! அக்கரையிலும் இதே கதைதான். மன்னார் மீனவனையோ பருத்தித்துறை மீனவனையோ கொழும்பு அழைத்துக் கேட்டதா? இரண்டு தலைநகரங்கள் பேசிக்கொண்டன. இரண்டு கரைத் தமிழர் செய்தியாகக் கேட்டுக்கொண்டனர்.

வணிகமும் பண்பாடும் என்னாயின? தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 18 கல். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தொடர்வண்டியும் நீராவிக் கப்பலும் கைகோத்துச் சென்னையையும் கொழும்பையும் இணைத்தன. 1964 திசம்பர்ப் புயல் தனுசுக்கோடியை விழுங்கிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போரால் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட 2023 அக்தோபர் 14 வரை காத்திருக்க நேர்ந்தது; அதுவும் சின்னாளில் நின்று, 2024 ஆகத்தில்தான் மீண்டும் ஓடிற்று. சிதம்பரத்தில் பள்ளி கண்ட ஆறுமுக நாவலரும், 1887-இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் இக்கடலைத் தாண்டி வந்தவர்கள் அல்லரோ? வந்தவர்களைக் கடல் தடுக்கவில்லை. கோடு தடுக்கிறது!

இதுவரை சொன்னதைப் படித்து நம்மவர் பலரும் கைதட்டுவர். இனிச் சொல்வது கசக்கும். ஆயினும் சொல்லாமல் விடுவது இனத்துக்குச் செய்யும் இரண்டகம்.

தில்லியும் கொழும்பும் கிழித்த கோடு நீரின் மேல் கிடக்கிறது. நம் கரையிலிருந்து செல்லும் விசைப்படகின் இழுவைமடியோ கடலின் அடியையே கிழிக்கிறது. கனத்த பலகைகளால் வாய் விரிந்த அம்மடி, தரையைச் சுரண்டிக்கொண்டு செல்கிறது. இறாலோடு குஞ்சையும் முட்டையையும் வாரிக்கொள்கிறது. மீன் ஈனும் கடற்புல்லை வேரோடு பறிக்கிறது. அக்கரைத் தமிழன் சிறு படகில் சென்று இரவில் விரித்த வலை, அதில் சிக்கி அறுந்து போகிறது. போர்க்காலம் முழுதும் கடலுக்குள் செல்லத் தடைபட்டுக் கிடந்தவன் அவன். 2009-க்குப் பின், கடன் வாங்கி வலை வாங்கியவன் அவன். விசைப்படகுகள் வரும் நாள்களில் கரையிலேயே முடங்கிக் கிடக்கிறான். அவன் வயிற்றில் அடிப்பவன் எந்த மொழி பேசுகிறான்? நயினாதீவுக் கல்லின் மொழியை!

“எம் மீனவனைச் சிங்களக் கடற்படை சுடுகிறது, சிறைப்பிடிக்கிறது, அவனையா குறை கூறுகின்றீர்?” என்று வெகுள்வோர் உண்டு. கையில் கருவி இல்லாத மீனவனைச் சுடுவது கொலை. அதற்கு எந்தச் சட்டமும் மறைப்பாகாது. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அங்கே சிறைக்குச் செல்பவன் பெரும்பாலும் யார்? அன்றாடப் பங்குக்கு ஏறிய கூலியாள். மடியும் படகும் உடைய முதலாளியோ கரையில் இருக்கிறான். முதலாளியின் ஆதாயத்துக்கு மீனவனின் குருதியைக் கேடயமாக்குவதா தமிழுணர்வு? கொழும்புக்கு இதைவிட நல்வாய்ப்பு வேறென்ன வேண்டும்? இருகரைத் தமிழரும் ஒருவரையொருவர் பகைக்கும் வரை, சிங்களக் கடற்படை ஈழத்து மீனவனின் காவலன் போல் நடிக்கலாம்!

தீர்வு காண முயலாமலும் இல்லை. 2010 ஆகத்தில் வடபகுதி மீனவப் பேராளர்கள் இங்கு வந்தனர். இழுவைமடியை ஓராண்டுக்குள் கைவிடுவதென இருகரை மீனவரும் தமக்குள்ளேயே, தம் மொழியிலேயே உடன்பட்டனர். அரசுகள் அதற்குக் கைகொடுக்கவில்லை. ஓராண்டு பல ஆண்டாயிற்று. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேசிக் கலைந்தனர். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அவ்வாண்டே இந்திய அரசு, 2,000 இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடற் படகுகள் தருவதாக 1,600 கோடி உருபாத் திட்டம் ஒன்றை அறிவித்தது. படகொன்றின் விலை 80 இலக்கம் உருபா; அதில் பத்தில் மூன்று பங்கை மீனவன் கைப்பணமாகவும் கடனாகவும் சுமக்க வேண்டும். குறித்த மூன்றாண்டு கழிந்தது. திட்டம் இலக்கின் அருகிலும் செல்லவில்லை. 2025 ஏப்பிரல் 2-இல் கச்சத்தீவை மீட்க வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று. நன்று. தீவு மீண்டாலும், அடி சுரண்டப்பட்ட கடலில் எதைப் பிடிப்பது?

ஆகவே தமிழர்களே, நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். இழுவைமடியை நாமே, நாள் குறித்து, நம் கடலிலிருந்து அகற்ற வேண்டும். அதற்கான இழப்பை அரசு ஏற்க வேண்டும். அதன்பின், 1974 உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவு ஒப்புக்கொண்ட மரபுரிமையை நாட்டுப் படகுக்கும் சிறுவலைக்கும் மீட்டுத் தரும்படி தில்லியின் கதவை இடிக்க வேண்டும். கடலைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இருகரை மீனவரும் அமர வேண்டும். அப்பேச்சு தமிழில் நடக்க வேண்டும். கப்பல் நில்லாமல் ஓட வேண்டும்.

உடன்பிறந்தானின் வலையை அறுத்துக்கொண்டே உரிமை கேட்பவனை உலகம் மதிக்காது. முதலில் மடியைச் சுருட்டுவோம்! பின்னர்க் கோட்டை அழிப்போம்!