தட்டிப் பாராத பானை

சென்ற வாரம் வடகவுஞ்சியில் நண்பரொருவர் வீட்டில் தங்கியிருந்தோம். அந்த மலையில் பருப்பு லேசில் வேகாது. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைந்து, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. நமக்கு அதனால் சாப்பாடு தாமதமாவதோடு சரி. கடலிலோ விஷயம் தலைகீழ். பத்து மீட்டர் இறங்கும்தோறும், கடல்மட்டத்தில் நம்மை அழுத்தும் காற்றின் பாரம் எவ்வளவோ அவ்வளவு கூடுகிறது. "டைட்டானிக்" கிடக்கும் 3,800 மீட்டரில் அது ஏறக்குறைய 380 மடங்கு!

அடுப்படியில் தொடங்கிய பேச்சு, 2023 ஜூன் 18-ஆம் தேதி அங்கே இறங்குகையில் நொறுங்கி ஐவரைப் பலிகொண்ட "டைட்டன்" கலத்துக்குத் தாவிற்று. "அமைப்பின் குற்றமா, விதியின் குற்றமா?" என்றார் நண்பர்.

விதியின்மேல் பழி போட இடமில்லை. கார்பன் இழையைப் பிசினோடு சேர்த்துச் சுற்றிய உருளையே அதன் உடல். இழுத்தால் எளிதில் அறாத பொருள் அது. நாற்புறமும் நெருக்கினாலோ உள்ளுக்குள் அடுக்கடுக்காய்ப் பிரியக்கூடியது. பிரிந்தது வெளிப்பார்வைக்குத் தெரியாது. 2018-லேயே கம்பெனியின் அதிகாரி ஒருவர் எச்சரித்தார். அவர் வேலைதான் போயிற்று. வெளியார் பரிசோதித்துச் சான்றளிப்பது புதுமைக்கு இடையூறென்று கம்பெனியார் கருதினார்கள். 2022 ஜூலையில் கலம் மேலே வருகையில் பெருஞ்சத்தம் கேட்டது. கருவிகளும் மாறுதலைக் காட்டின. சந்தையில் பானை வாங்கும் நம் பாட்டிமார் தட்டிப் பார்த்து, ஓசை பிசகினால் கீழே வைத்துவிடுவார்கள். இங்கே தட்டாமலே பானை ஒலித்தது. அதன் பிறகும் ஆட்களை ஏற்றினார்கள்! வடிவமைப்பு, சான்று, பராமரிப்பு ஆகியவற்றின் குறைகளே காரணம், தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவற்படை அறிவித்தது.

நமக்கேன் இந்த விசாரம் என்பீர்களோ? மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல "மத்ஸ்யா 6000" என்னும் கலத்தைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். ஆழத்துக்கென அமைத்தது 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியக் கோளம். உருண்டை வடிவில் பாரம் எப்பக்கமும் சமமாய்ப் பரவும், நல்ல யோசனை. 2021-ல் எஃகுக் கோளமொன்றை ஆளில்லாமல் 600 மீட்டர் இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆட்களோடு சோதனை நடந்தது. இப்படிப் படிப்படியாய்ப் போவது நமக்குத் திருப்தியே.

எப்போது இறங்குவார்கள் என்று தேதி கேட்டு நச்சரித்தவர்களில் நாமும் ஒருவர், ஒப்புக்கொள்கிறோம். இனி நாம் கேட்பது வேறு. ஒவ்வொரு முறை கலம் மேலே வந்ததும் அதைத் தட்டிப் பார்ப்பவர் யார்? "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால், டில்லியிலிருந்து மந்திரியே வந்து காத்திருந்தாலும் கலம் கரையிலேயே நிற்குமா?