ஐப்பசிக்கு முன் போட வேண்டிய ஊசி

தலைமை அலுவலகம் மும்பையிலும் ஆலை கடலூர் சிப்காட்டிலும் இருந்தால், ஃப்ளூ ஊசி முகாமின் தேதி மும்பை மழையைப் பார்த்துத்தான் குறிக்கப்படுகிறது. ஏப்ரல் கடைசியில் மின்னஞ்சல் வரும். மே மாதம் பயிற்சிக் கூடத்தில் மேசை போடுவார்கள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசை நிற்கும், புகைப்படம் ஆண்டறிக்கைக்குப் போகும். நம் பக்கம் காய்ச்சல் பரவும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஊசிக்கு ஆறு மாத வயதாகி, வலு தளர்ந்திருக்கும்.

2015-இல் வெளியான தேசியக் கண்காணிப்பு ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற நகரங்களில் இன்ஃப்ளூயன்சா ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்துக்குப் போகிறது. சென்னையிலும் வேலூரிலும் உச்சம் அக்டோபர், நவம்பரில். கடலூர் சென்னையோடு ஒரே கரையில், ஒரே வடகிழக்குப் பருவமழையில் நனைகிற ஊர். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி திரள இரண்டு வாரம் வேண்டும். ஆக நமக்கான காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும்தான். அதற்குமேல் தள்ளினால் டெங்குக் காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். ஊசி போட்ட மறுநாள் டெங்குவில் படுப்பவர் ஊசியால்தான் படுத்தேன் என்பார், அதை ஆலை முழுவதும் நம்பும். தீபாவளி போனஸ் பேச்சு தொடங்கிவிட்டால் மனிதவளத் துறையிடம் முகாம் பற்றிப் பேசவே முடியாது என்பது தனிக் கதை.

மருந்து வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்கு பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்கு செப்டம்பரிலும் கலவையை அறிவிக்கிறது. முகாம் நடக்கும் நாளில் எது புதியதோ அதைக் கேளுங்கள். கிடங்கில் மிஞ்சியதைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். நான்கு வகைக்கு எதிரானது என்று கூடுதல் விலை சொன்னால், பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிசெய்யப்படவில்லை என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசலாம்.

இந்த ஊசியைப் பற்றி நிர்வாகத்திடம் அளவுக்கு மீறிச் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் ஊழியர்களிடம் இரண்டு பருவங்கள் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. 1997–98 பருவத்தில் ஊசியும் பரவிய வைரஸும் பொருந்தவில்லை, பலன் எதுவுமில்லை. அடுத்த பருவத்தில் பொருந்தியது. ஃப்ளூ போன்ற காய்ச்சல் 34 சதவீதமும் இழந்த வேலைநாள் 32 சதவீதமும் குறைந்தன. அப்போதும் செலவுக் கணக்கில் லாபம் வரவில்லை. 2018 காக்ரேன் தொகுப்பின்படி, ஆரோக்கியமான 71 பேருக்குப் போட்டால் ஒருவருக்கு இன்ஃப்ளூயன்சா தவிர்க்கப்படும். இருபத்தைந்து வயதுப் பொறியாளருக்குப் போட்டால் விடுமுறை மிச்சம் என்று பவர்பாயின்டில் காட்டுவது எளிது. மழைக்காலம் முடிந்ததும் அந்தக் கணக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

யாருக்குப் போட்டால் பலன் அதிகம் என்பதற்கு விடை நம் மருத்துவ அறை அலமாரியிலேயே இருக்கிறது. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களின் பெயர் ஆண்டுப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிறது. 2024-இல் தொடங்கிய 'தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கண்டறியப்பட்டவர்களும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு எந்த மாதத்திலும் போடலாம். முதல் டோஸ் இவர்களுக்குப் போகட்டும். பொது அழைப்பு அடுத்த வாரம் போதும்.

இந்தப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள் கேட் பாஸில் உள்ளே வரும் காண்ட்ராக்ட் ஆட்கள். கேன்டீன், துப்புரவு, லோடிங், ஷட்டவுன் வேலை எல்லாம் அவர்கள்தான். ஈஎஸ்ஐ இருந்தாலும் நோய்க்கால உதவித்தொகை பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது, அதன் பிறகு 70 சதவீதம். மூன்று நாள் காய்ச்சலுக்கு யார் அந்த உதவித்தொகைக்கான சான்றிதழுக்காக அலைவார்கள்? பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். காய்ச்சலோடு ஒருவர் முகமூடி மாட்டிக் கலனுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஊசிச் செலவையும் அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முகாமைப் பத்து மணிக்கு வைத்தால் ஜெனரல் ஷிப்ட்டுக்கு மட்டும்தான் அது முகாம். இரவு ஷிப்ட் முடிந்து வெளியேறும் வாசலிலும் ஒரு மேசை வேண்டும்.

குளிர்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். பல மருத்துவ அறைகளில் இருப்பது வீட்டு ஃப்ரிட்ஜ். மருந்து உறைபெட்டியை ஒட்டி இருக்கும், கீழ்த்தட்டில் நர்ஸின் தயிர்சாதம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து உறைந்துவிட்டால் வீண். குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை அலுமினியம் சேர்த்த தடுப்பூசிகளுக்குத்தான் செல்லும். ஃப்ளூ ஊசி உறைந்து உருகினாலும் பார்வைக்கு அதே தெளிவுதான். வெப்பமானியும் காலை மாலைப் பதிவும் மட்டுமே துணை. மருந்து கொண்டுபோகும் கேரியரில் வைக்கும் ஐஸ் பேக்கைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், கல்லாக இருந்தால் காத்திருங்கள். மேசையில் அட்ரினலின் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்பதையும் முந்தைய நாளே பாருங்கள்.

ஆலைக்கு வெளியேயும் வேலையிடங்கள் உண்டு. கடலூரிலிருந்து பாலூர் சாலையில் போனால் திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் முகூர்த்த நாளில் விடியற்காலையிலிருந்தே வரிசையாகக் கல்யாணங்கள். சமையல், பரிமாறல், பந்தல், நாதஸ்வரம், பூ, வேன் என்று அங்கே பிழைப்பவர்கள் ஒரே நாளில் பல ஊர்க் கூட்டங்களின் மூச்சுக்காற்றில் நிற்கிறார்கள். அவர்களுக்கு முதலாளி யார் என்று எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியாரிடம் போட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

2013 கம்பெனிச் சட்டத்தின் சமூகப் பொறுப்பு நிதியை நோய்த்தடுப்புக்குச் செலவிடலாம், ஆனால் சொந்த ஊழியருக்கு மட்டுமே பயன்படும் செலவு அந்தக் கணக்கில் சேராது. திருவந்திபுரத்து வேலையாட்களுக்குச் செலவிட்டால் சேரும். சிப்காட் ஆலைகள் சில கூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, இந்த ஆண்டு ஒரு முகாமை அங்கே நடத்திப் பார்க்கலாம். புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை. சமையல்காரரும் பந்தல்காரரும் வீட்டில் இருப்பார்கள். சனிக்கிழமையைத் தவிர எந்த நாளும் சரி. அன்று பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் கேரியரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையவே முடியாது.