பழைய சுங்கானும் புது மினுக்கமும்

பழைய சுங்கான்களைச் சேகரிப்போர் பலர் அவற்றைப் புதிதாக்கிவிடத் துடிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். பிரையர் வேர்க்கட்டையில் கடைந்த ஆங்கிலேயச் சுங்கான் ஒன்றை மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்தேன். கட்டை பளபளத்தது, தண்டில் பொறித்திருந்த தயாரிப்பாளரின் முத்திரை அழிந்தது. எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று சொல்ல இனி அதில் ஒன்றுமில்லை.

எபொனைட் வாய்க்குழல் றப்பரும் கந்தகமும் சேர்ந்தது. வெயில் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகும். அதை நீக்குவது நியாயம். கிண்ணத்தின் உட்கரியைச் சுரண்டலாம். ஆனால் ஒரு மில்லிமீற்றராவது விட்டுவையுங்கள், கட்டையைச் சூட்டிலிருந்து காப்பது அதுவே. துருக்கியின் எஸ்கிசெகிரில் தோண்டியெடுக்கும் மீர்ஷாமோ புகை குடித்தே பொன்னிறமாகிறது. அதை வெளுக்க முனைவோரை என்னென்பது! (நான் புகைப்பதை விட்டு வெகுகாலமாயிற்று.)

பழைய சொந்தக்காரரின் பற்தடங்களை இப்போது நான் நிரப்புவதில்லை.