ஓவியத்துப் பெண்ணுக்கும் ஓர் உரையாசிரியர்

பெண் நன்கறிந்த ஒன்றை அவளுக்கே விளக்கிக் கூறும் ஆடவர் வழக்கத்துக்கு மேல்நாட்டார் 2008ஆம் ஆண்டையொட்டி ஒரு தனிப்பெயர் சூட்டினர். பெயர் புதிது, பண்டம் பழையது. திருவிளையாடற் புராணத்து வலைவீசின படலத்தில், கயிலையில் இறைவன் வேதப்பொருள் உரைக்க, உமையம்மை சற்றே கவனம் பிசகுகிறாள். பரதவர் குலத்திற் பிறக்கச் சாபம் பெறுகிறாள். அப்பொருள் அவளுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று வினவியவர் எவருமிலர். (நம் வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவோ, எவருடைய உபந்நியாசத்துக்கும் நின்று செவிசாய்ப்பதில்லை!)

இவ்வழக்கத்தின் பெருங்காட்சிச்சாலை சிகிரியா. 5ஆம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் காலத்தில் தீட்டப்பெற்ற பெண்களைக் காண வந்தோர், பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, கீழேயுள்ள கண்ணாடிச் சுவரிற் பாட்டெழுதிச் சென்றனர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். எழுதியோருட் பெரும்பாலோர் ஆடவர். அவர்கள் ஓயாது கூறும் குறை யாது? இப்பெண்கள் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசவில்லையாம்! சுதையில் தீட்டிய உருவம் மறுமொழி தரவில்லை என்று நெஞ்சுருகிய அப்பெருமக்கள், வீட்டிலே பேசுகின்றவளுக்கு எவ்வளவு செவி கொடுத்தனரோ!

பின்வந்த அறிஞரும் சளைத்தவரல்லர். கோயிலுக்குச் செல்லும் அரசகுல மாதர் என்றார் பெல். அரம்பையர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மேகமும் மின்னலும் பெண்ணுருக் கொண்டன என்றார் பரணவிதான. மூவரும் பெரும்புலவர், மூவரும் ஆடவர். மலர்த்தட்டு ஏந்திய கை மட்டும் அன்றுபோலவே இருக்கின்றது.

ஆனால் அதே சுவரிற் பெண்களும் எழுதியிருக்கின்றனர். படத்துப் பெண் தன்னோடு போட்டிக்கு நிற்கிறாள் என்று ஒருத்தி சினந்தே எழுதினாள். மலைநாட்டுப் பள்ளிகளிலிருந்து மாணவியரைச் சிகிரியாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஓவியத்தின் இடையழகையும் விழியழகையும் அவர்களுக்கு வருணிப்பதினும், இவ்வரிகளைக் காட்டுவது நன்று. பெண்ணொருத்தி ஓவியமாய் நின்றதையே எல்லோரும் காண்கின்றனர். எழுத்தாணி பிடித்ததை எவர் காண்கின்றார்?

சிகிரியா வரை போவானேன்? நம் தேயிலைப் பெட்டியின் மேலும் ஓர் ஓவியப் பெண் நிற்கிறாள். தலையிற் கூடைக்கயிறு, முகத்திற் புன்னகை. அட்டையோ, மழையோ, வழுக்கும் சரிவோ அப்படத்தில் இல்லை. மலையில் நிற்கும் அவளுக்குக் கொழுந்தெடுக்கும் முறையை உரைப்பவர், கொழுந்தெடாத கங்காணி. அவள் கூலியைப் பற்றி மேடையிற் பேசுவோரும், தொழிற்சங்கத் தலைமையில் அமர்வோரும் பெரும்பாலும் ஆடவரே. அந்தப் பெட்டியில் ஒரு மூலையை வெற்றிடமாக விட்டு அவளிடமே எழுதுகோலைக் கொடுத்தால், விழியழகைப் பற்றியா எழுதுவாள்? தராசிலே கழித்துக்கொண்ட கிலோவுக்குக் கணக்குக் கேட்பாள்.